அடி யாருக்கு?

வாவியில் வீசிய வலை கல்லில் மாட்டிக் கிழிந்தால் மட்டக்களப்பில் வாய் தானாகத் திறக்கும்: "கோதாரியில போக!" கோதாரி, ஒரு காலத்தில் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன கொள்ளைநோய். நோய் ஓய்ந்தது, ஏச்சு மிஞ்சியது. அதனால் வலைக்கும் வலியில்லை, கல்லுக்கும் வலியில்லை. தாராளமாக ஏசுங்கள்.

மீன் பங்கில் ஒருவன் ஏமாற்றினால்தான் சங்கதி வேறு. திருடியவன் எதிரே நிற்க, வசவு அவன் தாயையும் அக்காவையும் தேடிப் போகிறது. அவர்கள் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருப்பார்கள். எந்த நீதிமன்றம் இப்படித் தீர்ப்பெழுதும்? அதுவும் இந்த மண்ணில்! இங்கே குடி தாய்வழி, சீதன வீடு மகளுக்கு, ஊருக்கு ஊர் கண்ணகி கோயில். வசவையும் தாய்வழியே விட்டுவைத்திருக்கிறோம்.

அந்தக் கண்ணகிக்காகத்தான் கொம்புமுறி. வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளைக் கோத்துக் கயிறு கட்டி இழுக்கும். கொம்பு முறிந்த பக்கத்தாருக்கு வசைப்பாட்டு. மழை வேண்டியும் நோய் நீங்கவும் ஆடியது என்பார்கள். மழைக்கும் வசைக்கும் என்ன தொடர்போ, மேகத்தைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கோயில் வாசலில் பச்சையாகப் பாடிய ஊர், மறுநாள் அதே சொல்லைத் தீட்டு என்றால் தீட்டு சொல்லில் இல்லை என்றுதானே பொருள்?

வசவு குறி தவறாத மொழி ஒன்றும் உண்டு. போலந்தின் கண் மருத்துவர் சாமன்ஹோஃப் 1887இல் எஸ்பெராந்தோ என்ற மொழியை உருவாக்கி வெளியிட்டார். இனப்பகை தணியட்டும் என்பது அவர் ஆசை. அதில் நாய் 'ஹுண்டோ'. நடுவே 'ஆச்' சேர்த்தால் 'ஹுண்டாச்சோ', மட்டமான நாய். எதை வெறுக்கிறீர்களோ அதன் மேலேயே ஒட்டு விழுகிறது. யாருடைய அம்மாவும் தேவையில்லை. முழுக்கச் சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன். அப்பா 'பாட்ரோ', அதோடு ஒட்டுப் போட்டால்தான் அம்மா, 'பாட்ரினோ'. 1932இல் கலோச்சாய் என்ற ஹங்கேரியக் கவிஞர் புனைபெயரில் அந்த மொழியிலேயே காமக் கவிதை நூல் வெளியிட்டார். செய்த மொழிக்கும் பச்சைச் சொல் வேண்டியிருந்தது, வேண்டட்டும்.

நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். உறுப்பின் பெயரை உரக்கச் சொன்ன பிள்ளைக்கு வாயிலே அடி. பக்கத்துத் தெருக்காரனைச் சாதிப் பெயரால் ஏசிவிட்டு வந்து உட்காரும் அம்மப்பாவுக்குத் தேத்தண்ணி.