ஒளியமைப்பும் வாய்மையும்

வாய்மை என்பது பெரும்பாலும் சொல்லுக்கு உரிய அறமாகவே பேசப்பட்டு வந்துள்ளது. காட்சிக்கும் அவ்வறம் உரியதா என்ற வினா திரைப்படக் கலை தோன்றிய பின்னரே கூர்மை பெற்றது. நாவினாற் பொய் கூறுவோன் தான் கூறுவது பொய்யென்பதை அறிவான். ஒரு முகத்தின்மீது விளக்கொன்றைத் திருப்புவோன் கூறுவது பொய்யா, மெய்யா? கணினியால் ஆக்கப்படும் அசைவூட்டப் படங்களில் இவ்வினா மேலும் சிக்கலாகின்றது. அங்கே திருப்புவதற்கு விளக்கும் இல்லை. ஒளி படுவதற்கு முகமும் இல்லை. கதிரவனின் இடம், ஒளியின் நிறம், நிழலின் அடர்த்தி ஆகியவற்றை ஒளியமைப்பாளர் எண்களாக இடுகின்றார். அவ்வெண்களிலிருந்து கணினி ஒரு மாலைப் பொழுதைக் கணித்துத் தருகின்றது. இவ்வாறு முற்றிலும் செய்துகொள்ளப்பட்ட ஒளிக்கு வாய்மை என்றொரு கடமை உண்டா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

இயற்கை ஒளியே மெய்யானது, செயற்கை ஒளி பொய்யானது என்பது எளிதில் தோன்றும் விடை. இலங்கைத் திரைப்பட வரலாறு இவ்விடைக்கு ஆதரவளிப்பது போலக் காணப்படுகின்றது. 1947இல் வெளியான முதலாவது சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுனு பொறொந்துவ’ எஸ். எம். நாயகம் என்ற தமிழரால் தயாரிக்கப்பட்டது. அது மதுரையில் உள்ள ஸ்ரூடியோவிலே படமாக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வந்த படங்கள் பலவும் தென்னிந்திய ஸ்ரூடியோக்களின் சுவர்களுக்குள்ளேயே உருவாயின. 1956இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கின் துணையோடு ‘ரேகாவ’ படத்தை இலங்கைக் கிராமத்தின் வெயிலிலும் நிழலிலும் எடுத்தார். அப்படம் வசூலில் வெற்றி பெறவில்லை. எனினும் 1957இல் கான் திரைப்பட விழாவில் இடம்பெற்றது. இலங்கையின் ஒளி இலங்கைத் திரைக்கு வந்தது அப்போதுதான் என விமரிசகர் போற்றினர்.

ஆயினும், அதே 1956இல் வெளியான சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ இவ்விடை போதாது என்பதைக் காட்டுகின்றது. காசி நகரத்து வீடொன்றின் உள்முற்றம் கல்கத்தா ஸ்ரூடியோவிலே அமைக்கப்பட்டது. அத்தகைய முற்றங்களில் வெயில் நேரே விழுவதில்லை. மேலே தெரியும் வானத்துண்டிலிருந்து நிழலற்ற மென்மையான ஒளி இறங்கும். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்தின் மேல் வெண்துணியை விரித்து, விளக்குகளின் ஒளியை அதன்மீது பாய்ச்சி, அது தெறித்து இறங்குமாறு செய்தார். அங்கு வானமும் இல்லை, காசியும் இல்லை. எனினும் காசியின் வீட்டுக்குள் ஒளி எவ்வாறு இருக்குமோ அவ்வாறே அது இருந்தது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில், நெருங்கி நிற்கும் மதில்களுக்கிடையே பட்டுத் தெறித்து இறங்கும் பகலொளியைக் கண்டவர் எவரும் மித்ராவின் முற்றத்தை ஐயுறமாட்டார். ஆகவே, ஒளி எங்கிருந்து வந்தது என்பது வாய்மைக்கு அளவுகோல் அன்று.

வேறு அளவுகோல் யாது? திருக்குறளின் வாய்மை அதிகாரம் இவ்விடத்துத் துணைபுரிகின்றது. உள்ளதை உள்ளவாறு கூறுதலே வாய்மை என்று வள்ளுவர் அவ்வதிகாரத்தைத் தொடங்கவில்லை. பிறர்க்குச் சிறிதும் தீமை பயவாத சொல்லே வாய்மை என்று முதற் குறளிற் கூறி, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என அடுத்த குறளில் மேலும் செல்கின்றார். இதனை ஒளிக்குப் பொருத்தினால் வினா மாறிவிடுகின்றது. இவ்வொளி செயற்கையா என்று கேட்பதை விடுத்து, இவ்வொளியால் எவருக்கேனும் தீங்கு நேர்கின்றதா என்று கேட்க வேண்டியிருக்கின்றது.

ஒளியாற் தீங்கு நேருமா எனச் சிலர் வியக்கலாம். வெள்ளவத்தை சவோய் முதலிய கொழும்புத் திரையரங்குகளில் தலைமுறை தலைமுறையாகப் படம் பார்த்தவர்களின் அனுபவமே இதற்கு விடையாகும். இருக்கைகளில் அமர்ந்திருந்தோரின் நிறம் ஒன்று. திரையிலே காதலிக்கவும் வெல்லவும் உரிமை பெற்றிருந்த முகங்களின் நிறம் வேறொன்று. ஒப்பனையும் முகத்தை நோக்கிய கடும் விளக்குகளும் நாயகியரின் கருமையை அகற்றின; கருமை வேலையாளுக்கும் நகைச்சுவைக்கும் தீயோருக்கும் உரியதாயிற்று. இது ஒருவரின் சூழ்ச்சி அன்று. கருவியிலேயே சாய்வு இருந்தது. படச்சுருளின் நிறத்தைச் சரிபார்ப்பதற்குக் கொடாக் நிறுவனம் வழங்கிய அட்டைகளில் நீண்ட காலம் வெண்ணிறப் பெண்ணின் உருவமே இருந்தது என்பதைக் கனடிய ஆய்வாளர் லோர்னா றொத் 2009இல் விரிவாக எழுதியுள்ளார். கருநிறத்தின் நுண்வேறுபாடுகள் சுருளிற் பதியவில்லை என்ற குறை நீங்கியதில், தத்தம் பொருள்களின் கபில நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று சொக்லேற் உற்பத்தியாளரும் மரத்தளபாட விற்பனையாளரும் செய்த முறைப்பாட்டுக்குப் பங்கிருந்தது என்பதும் அவ்வாய்விலே காணப்படுகின்றது. மனித முகத்துக்குக் கிடைக்காத நியாயம் மேசைக்குக் கிடைத்தது.

இச்சாய்வை எதிர்த்து நின்றோருள் பாலு மகேந்திரா குறிப்பிடத்தக்கவர். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்து, கொழும்பிற் பணிபுரிந்த காலத்தில் ‘தேனருவி’ இதழுடன் தொடர்புற்றிருந்து, பின்னர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்றவர் அவர். கருவி அதுவே, சுருளும் அதுவே. ஆனால் சன்னல் வழியே வரும் ஒளியை முகம் தன் நிறத்திலேயே ஏற்றுக்கொள்ள அவர் இடமளித்தார். 1988இல் வெளிவந்த ‘வீடு’ படத்தில் அர்ச்சனாவின் மாநிற முகம் எவ்வித மன்னிப்பும் கோராமல் திரையை நிறைக்கின்றது. கருவியின் சாய்வு கலைஞனின் விதி அன்று என்பதற்கு அது சான்றாகும்.

அசைவூட்டக் கலைக்கு வரும்போது இப்பொறுப்பு குறைவதில்லை, மிகுகின்றது. கமராவுக்கு முன்னால் ஏதோவொன்று இருந்தே தீரும். கணினியின் முன்னால் எதுவும் இல்லை. தோலினுள் ஒளி புகுந்து சிதறி மீளும் இயல்பை விரைந்து கணிக்கும் முறையொன்றை ஹென்றிக் வான் யென்சனும் உடனாய்வாளரும் 2001இல் வெளியிட்டனர். அவ்வகை முறைகளில் எந்தத் தோலையும் ஆக்கலாம். எனவே, படச்சுருளின்மீது பழிபோட இனி வழியில்லை. வானமும் இவ்வாறே. தொலைநாட்டு வானமொன்றின் ஒளிப்படத்தைக் கணினியில் ஏற்றி அதனைக் கொண்டே காட்சி முழுவதற்கும் ஒளியூட்டுவது இத்தொழிலின் வழமை. கொழும்போ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஏப்பிரல் தொடக்கத்திலும் செப்ரெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் கதிரவன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும், நிழல் காலடியிற் சுருங்கும், கண்குழிகள் இருளும். காலி வீதியிலிருந்து கடல் நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மாலை வெயில் கிடையாகப் பாயும்; ஆயினும், வடநாடுகளிற்போல அந்தி நீளாது, விரைவில் இருண்டுவிடும். இவ்விடத்துக் கதையொன்றுக்கு வேற்று வானத்தின் நீண்ட பொன்னந்தியை இடுபவர் அழகைச் சேர்க்கலாம்; இங்கு வாழ்வோரின் பொழுதை அழித்துவிடுகின்றார்.

கூலிக்கு உழைப்பவரிடம் இவ்வளவு பெரிய அறத்தை எதிர்பார்ப்பது முறையா என்ற மறுப்பு இங்கு எழும். அது புறக்கணிக்கத் தக்கதன்று. 2012இல் வெளிவந்த ‘லைஃப் ஒஃப் பை’ படத்தின் புலியைப் பெரும்பாலும் கணினியில் ஆக்கிய றிதம் அன்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பெப்ரவரியில் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. அதே மாதத்தில் அப்படம் காட்சிவிளைவுக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. மும்பாயிலும் ஹைதராபாத்திலும் அந்நிறுவனத்துக்குக் கலைக்கூடங்கள் இருந்தன. உலகம் வியந்த ஒளியை ஆக்கியோரில் பலர் தம் வேலை நாளை இருக்குமா என்பதை அறியாதிருந்தனர். இத்தகையோர்மீது படத்தின் அறம் முழுவதையும் சுமத்துவது அநீதி. ஆணையிடும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ அவரிடமே பொறுப்பின் பெரும்பகுதியும் உள்ளது. ஆயினும், முகமொன்றை வெளிறச் செய்யுமாறு பணிக்கப்படும்போது, ஏன் என்று ஒருமுறை கேட்கும் சிறு உரிமை கடைநிலைப் பணியாளருக்கும் எஞ்சியிருக்கின்றது. சிறுமுதலில் தனித்து இயங்கும் படங்களிலோ, இயக்குநரும் ஒளியமைப்பாளரும் பெரும்பாலும் ஒருவரே. பொறுப்பைக் கைமாற்றுவதற்கு அங்கே இன்னொருவர் இல்லை.

தீங்கு என்பது மறைத்தலால் மட்டும் விளைவதன்று, காட்டுதலாலும் விளையும். இதனை இலங்கைத் தமிழருக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை. காணாமலாக்கப்பட்டோரைப் பற்றிச் சாட்சி கூற முன்வருபவரின் முகத்தில் விளக்கைப் பாய்ச்சும் படம், மெய்யைக் காட்டுவதன் மூலமே அவரை ஆபத்துக்கு உள்ளாக்கலாம். அவ்விடத்து முகத்தை இருளில் நிறுத்தும் ஒளியமைப்பே வாய்மை உடையது. 2021இல் வெளியான ‘ஃபிளீ’ என்ற தென்மார்க்குப் படம், ஆப்கானிஸ்தானிய அகதி ஒருவரின் அடையாளத்தைக் காக்கும் பொருட்டு, அவரது உண்மை வரலாற்றை அசைவூட்டமாகவே ஆக்கியது. முகம் வரையப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, வாக்குமூலம் மட்டும் மெய்யாக நின்றது. பொய்மையும் வாய்மையாகும் இடம் எது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

ஆகவே, செய்துகொள்ளப்பட்ட ஒளிக்கும் வாய்மை என்னும் கடமை உண்டு. அக்கடமை கதிரவனுக்குச் செய்யப்படுவதன்று. ஒளியின்கீழ் நிறுத்தப்படும் மனிதருக்குச் செய்யப்படுவது. எவரை இவ்வொளி காட்டுகின்றதோ அவர் அப்படத்தைக் காண நேர்ந்தால், நாணமின்றியும் அச்சமின்றியும் தம்மை அதில் அடையாளம் காண்பாரா என்பதே ஒளியமைப்பாளர் தம்மிடம் கேட்கவேண்டிய வினா. திரையில் உலவும் உரு வெறும் எண்களால் ஆனதாயினும் அதன் சாயலை உடையோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்கின்றனர். அனுமதிச்சீட்டு வாங்கி இருளில் அமர்பவரும் அவர்களே.