சாவா மூவா

என் பங்குக்கு வந்த மூன்று மா நஞ்சையை யாரும் என்றைக்கும் மனைக்கட்டு ஆக்க முடியாதபடி எழுதிவைக்க வழி உண்டா என்று கேட்டேன். பத்திரம் எழுதுபவர் சிரித்தார். "விக்கலாம், அடமானம் வைக்கலாம், தானம் பண்ணலாம். இது என்ன ரகம் சார்?"

அமெரிக்காவில் இந்த ரகம் உண்டு. நிலம் உடையவனிடமே இருக்கும். அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் ஓர் அறக்கட்டளைக்கோ அரசுக்கோ நிரந்தரமாக விட்டுக்கொடுத்துவிடுவான். பின்னால் வாங்குபவனையும் வாரிசையும் அது கட்டுப்படுத்தும். 1981இல் இதற்கு ஒரு மாதிரிச் சட்டமே அங்கு வந்தது. நம்முடைய 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்திலோ ஒரு நிலத்தின் மீதான உரிமை இன்னொரு நிலத்தின் பொருட்டே பிறக்கிறது: வாய்க்கால் பாத்தியம், வழிப் பாத்தியம். பிறக்காதவர்களுக்குப் பக்கத்து வயல் இல்லை. 2020ஆம் வருஷத்து வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளையும் உருக்காலைகளையும் தடுக்கிறது. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை.

நிரந்தரம் இந்த மண்ணுக்குப் புதிய விஷயமல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இத்தகைய ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகும், குட்டி அதன் இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. அழகான ஏற்பாடுதான். ஆனால் இடையனின் பேரனை யார் கேட்டார்கள்? ராஜராஜன் கோயிலுக்கு விட்ட ஊர்களைச் சொல்லும் கல்வெட்டுகளில் குளம், வாய்க்கால், ஊர் நத்தம் இவற்றோடு பறைச்சேரியும் அதற்கென்று தனிச் சுடுகாடும் வரி நீங்கிய நிலங்களாக வருகின்றன. சந்திர சூரியர் உள்ளவரை என்றபோது வயல் மட்டும் நிலைக்கவில்லை.

என் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவரிடம் யோசனையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். "நெலத்தக் கட்டிப்போடுங்க தம்பி. எம் மவனயும் சேத்துக் கட்டிப்போட்டுறாதீங்க."

விற்பதும் பிறக்காதவர்களைக் கட்டுவதுதான். செங்கல்லும் சிமெண்டும் இறங்கிய வயலை எந்தப் பேரனும் மீட்க முடியாது. கட்டிவைத்த வயலை என்றாவது ஒரு சட்டசபை அவிழ்த்துவிடலாம். ஆகவே கட்டுவதே குறைந்த பாவம் என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் நான் பாங்கில் சம்பளம் வாங்குகிறவன். என் தியாகத்தில் எனக்குச் சேற்றுக்கால் கிடையாது. வில்லங்கச் சான்றிதழில் இன்னொரு வரி ஏறும், விலை குறையும், அவ்வளவுதான். அந்த வாக்கை அன்றாடம் நிறைவேற்றப்போகிறவர் அவர். அப்படியானால் முதலில் நிலத்தில் பாதியையாவது அவர் பெயருக்கு எழுதிவிட்டு, இருவருமாகக் கையெழுத்திடுவதுதான் நியாயம்.

இந்த முடிவுக்கு வந்ததும் என் உற்சாகம் குறைந்ததைக் கவனித்தேன். பத்திரம் எழுதுபவரிடம் இன்னும் போகவில்லை.