அருவச் சிற்பமும் திறனாய்வாளன் கடமையும்

நுண்கலை பயிலத் தொடங்கும் மாணவன் ஒருவனிடம் வெண்கலத்தில் வார்க்கப்பட்ட அருவச் சிற்பம் ஒன்றைக் காட்டி, அதனைப் பகுத்தாராய்ந்து இரண்டு பக்கம் எழுதுமாறு பணித்தால் அவன் முதலிற் செய்வது யாது? சிற்பத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் அடியிலுள்ள பெயரைப் பார்ப்பான். பெயர் உதவாவிடின் நூலகத்தை நாடுவான். அங்கு கிடைக்கும் ‘உள்ளார்ந்த லயம்’, ‘ஆன்மிக எழுச்சி’, ‘வடிவத்தின் தூய்மை’ போன்ற தொடர்களைக் கோத்து இரண்டு பக்கத்தையும் நிரப்பிவிடுவான். இன்னொரு மாணவன், இது ஏதோ இயந்திரத்தின் உறுப்பு என்று நகைத்துவிட்டு அப்பாற் செல்வான். முன்னவனைக் கலையறிவு உடையவன் என்றும் பின்னவனை அது இல்லாதவன் என்றும் கொள்வதே வழக்கம். ஆயின், சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து இருவரும் ஒரே தவற்றைச் செய்தவராகவே காணப்படுவர். இருவருமே சிற்பத்தைப் பார்க்கவில்லை. இதனை அறிவுக் குறைபாடு என்று மட்டும் கூறி அமைதியடைதல் இயலாது. ஒழுக்கம் சார்ந்த வினாவொன்றும் இதனுள் அடங்கியுள்ளது. தான் காணாததைக் கண்டதாகக் கூறும் உரிமை ஒருவனுக்கு உண்டா? தனக்கு விளங்காததை இல்லையென்று தள்ளும் உரிமைதான் உண்டா?

இவ்வினா ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது. ருமேனியாவிற் பிறந்து பாரிஸ் நகரில் வாழ்ந்த சிற்பி கொன்ஸ்தந்தீன் பிராங்கூசி (1876 – 1957), ‘வான்வெளியிற் பறவை’ என்னும் பொருள்படும் பெயரில் 1923 முதற்கொண்டு பளிங்கிலும் வெண்கலத்திலும் பல சிற்பங்களைப் படைத்தார். அவற்றுள் ஒரு வெண்கலச் சிற்பத்தைப் புகைப்படக் கலைஞர் எட்வேட் ஸ்டைக்கன் விலைக்கு வாங்கியிருந்தார். 1926 ஒக்டோபரில் அது வேறு சிற்பங்களுடன் கப்பல் மூலம் நியூயோர்க் துறைமுகத்தை அடைந்தது. மூலக் கலைப்படைப்புகளுக்கு அன்று இறக்குமதித் தீர்வை இல்லை. சுங்கப் பகுதியினரோ இதனைக் கலைப்படைப்பென ஏற்க மறுத்து, சமையற் பாத்திரங்களும் மருத்துவமனைச் சாதனங்களும் அடங்கிய வகுப்பிற் சேர்த்து, அதன் விலையில் நூற்றுக்கு 40 வீதம் தீர்வை விதித்தனர். இறகோ, அலகோ, காலோ அதில் இல்லை. பளபளக்கும் உலோகத் தண்டொன்றே அவர்கள் கண்முன் நின்றது.

சுங்கப் பகுதியினரை அறிவிலிகள் என எள்ளுதல் எளிது. ஆனால் அவர்கள் சார்ந்து நின்ற கொள்கைக்கு நீதிமன்ற ஆதாரம் இருந்தது. இயற்கைப் பொருள்களை, சிறப்பாக மனித உருவத்தை, அவற்றுக்குரிய அளவுப் பொருத்தத்துடன் போலச் செய்வதே சிற்பம் என்ற கருத்து 1916ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் இடம்பெற்றிருந்தது. எனவே 1927 ஒக்டோபரில் விசாரணை தொடங்கியபோது, இது பறவை போல இருக்கின்றதா என்பதே முதன்மை வினாவாயிற்று. அது பறவை போலத் தோன்றவில்லை, ஆயினும் பறவை என்ற உணர்வைத் தருகின்றது என்னும் கருத்துப்பட ஸ்டைக்கன் சாட்சியம் அளித்தார். காட்டில் இதனைக் கண்டால் பறவையெனச் சுடுவீரா என்றும் அவரிடம் வினவப்பட்டது, சுடமாட்டேன் என்றார். சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன், பண்டைய எகிப்தின் கற்பருந்து ஒன்றைக் காட்டி, உருவத்தைச் சுருக்கிக் காட்டும் இம்முறை மிகப் பழையது என வாதிட்டார். சிற்பி றொபேட் எயிற்கன், இது கலையே அன்று எனச் சாட்சியம் கூறினார். 1928 நவம்பர் 26ஆம் நாள் தீர்ப்பு பிராங்கூசிக்குச் சார்பாக அமைந்தது.

இத்தீர்ப்பின் சிறப்பு, அது சிற்பத்தைப் போற்றியதில் இல்லை. இயற்கைப் பொருள்களைப் போலச் செய்யாது அருவக் கருத்துகளைப் புலப்படுத்த முயலும் புதிய கலைநெறியொன்று தோன்றியுள்ளது. அதன்மீது தமக்குப் பரிவு இருப்பினும் இல்லாவிடினும், அந்நெறி உண்டென்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதே நீதிபதிகள் மேற்கொண்ட நிலைப்பாடு. தமது விருப்பு வெறுப்பையும் தம்முன் நின்ற பொருளுக்குரிய நியாயத்தையும் அவர்கள் வேறுபடுத்தினர். கலைத் திறனாய்வைப் பயில விரும்பும் மாணவன் கற்க வேண்டிய முதற் பாடம் இதுவே. அவன் கையில் எடுத்துள்ள பணியும் ஒருவகையில் தீர்ப்பு வழங்கும் பணியாகும். சாட்சியத்தைக் கேளாது வழங்கப்படும் தீர்ப்பு, விடுதலைத் தீர்ப்பாயினும் தண்டனைத் தீர்ப்பாயினும் நீதியாகாது.

இங்கு சாட்சியம் என்பது யாது? சிற்பமே அதன் சாட்சியம். மாணவன் பெயரை மறந்து அதனைச் சுற்றி வருவானாயின், நாலரை அடி அளவு உயர்ந்து நிற்கும் அப்பொருள் மிக ஒடுங்கிய அடியிலிருந்து எழுவதைக் காண்பான். மேலே செல்லச் செல்ல அது மெல்லப் பருத்து, மீண்டும் ஒடுங்கி, உச்சியிற் சாய்வாக வெட்டப்பட்டதுபோல் முடிகின்றது. ஒரு பக்கத்திலிருந்து நோக்கும்போது நேராக நிற்பது, இன்னொரு பக்கத்திலிருந்து சற்றே வளைந்து தோன்றுகின்றது. பாரம் மிக்க உலோகம் இத்தனை சிறிய அடியில் எவ்வாறு நிற்கின்றது என்ற வியப்பு அவனுக்கு எழலாம். அவ்வியப்பே ஆய்வின் தொடக்கம். மேலெழும் உணர்வு எங்கிருந்து பிறக்கின்றது என்று தேடுபவனுக்கு, ஒடுங்கிய அடி, படிப்படியான பருமன், சாய்ந்த முடிவு ஆகிய மூன்றும் விடையாக அமைகின்றன. ‘ஆன்மிக எழுச்சி’ என நூலிலிருந்து எழுதியவனும் ஒருவேளை இதனையே கருதியிருக்கலாம். ஆனால் அவன் சொல்லுக்கு அவனிடம் ஆதாரம் இல்லை.

செய்முறையும் சாட்சியத்தின் ஒரு பகுதியே. உருகிய வெண்கலம் அச்சில் வார்க்கப்பட்டு வெளிவரும்போது அதன் மேற்பரப்பு மங்கலாகவும் கரடாகவும் இருக்கும். அதனை அராவித் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குவது நெடிய கையுழைப்பு. இவ்வழக்கில், வார்ப்பு முடிந்தபின் அவ்வேலையைத் தாமே செய்ததாகப் பிராங்கூசி வாக்குமூலம் அளித்தார். அவ்வுழைப்பின் பயன் அழகுபடுத்தல் மட்டுமன்று. மெருகேறிய பரப்பில் ஒளி ஓரிடத்தில் தங்காது வழுக்கிச் செல்கின்றது. உலோகத்தின் பாரம் கண்ணுக்குக் குறைகின்றது. எதிரே நிற்பவனின் உருவமும் நீண்டு நெளிந்து அதிலே தெரிகின்றது. இயந்திர உறுப்பு என நகைத்தவன் கண்ட அதே மினுமினுப்பு இது. அவன் கண்டது பொய்யன்று; கண்டதன் காரணத்தை அவன் வினவவில்லை என்பதே குறை.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். போலச் செய்தல் என்ற அளவுகோலைக் கைவிட்டால், எதையும் கலையென்று கூறலாம், எவரும் எதையும் எழுதலாம் என்ற நிலை ஏற்படாதா? இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. அருவக் கலையைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் வெற்றுச் சொற்கள் பல உண்டு. ஆயின் அளவுகோல் மறைந்துவிடவில்லை. அது பொருளிலிருந்து கூற்றுக்கு இடம் மாறியுள்ளது. எழுதிய வாக்கியம் ஒன்றை எடுத்து, அது வேறொரு சிற்பத்துக்கும் அவ்வாறே பொருந்துமா என்று மாணவன் தன்னைத் தானே கேட்க வேண்டும். பொருந்துமாயின் அவ்வாக்கியம் இச்சிற்பத்தைப் பற்றியதன்று. மற்றொருவர் சிற்பத்தின் முன் நின்று ‘இது தவறு’ எனச் சுட்டிக்காட்டக் கூடியதாக ஒரு கூற்று அமையும்போதே அது ஆய்வுக்குரிய தகுதியைப் பெறுகின்றது. தவறென நிறுவப்படும் வாய்ப்பை ஏற்காத கூற்று பாராட்டாகலாம், பழிப்பாகலாம்; திறனாய்வாகாது.

சைவ மரபில் வளர்ந்த மாணவனுக்கு அருவம் புதிதன்று. சிவலிங்கத்தை அருவுருவம் எனச் சைவ சித்தாந்தம் வகுக்கும். கை, கால், முகம் இல்லாத வடிவம் பொருள் தரவல்லது என்பதை அவன் கோயிலில் அறிந்திருக்கிறான். இவ்வொப்புமை அவனது தயக்கத்தை நீக்க உதவும். ஆனால் இதனை எல்லை கடந்து நீட்டுதல் பொருந்தாது. லிங்கத்தின் முன் நிற்பவனுக்கு ஆகமமும் வழிபாடும் தலைமுறைகளின் நம்பிக்கையும் துணை நிற்கின்றன. அதன் பொருள் சமூகம் முழுவதற்கும் பொது. பிராங்கூசியின் பறவைக்கு அத்தகைய பொதுப் பொருள் இல்லை. அங்கு பக்தனாக நிற்க முற்படும் மாணவன், மரபு தராத நம்பிக்கையை விமர்சகரின் புகழிடமிருந்து கடன் வாங்க நேரிடும். கடன் வாங்கிய பக்தி சுங்க அதிகாரியின் மறுப்பினும் மேலானதன்று.

ஆகவே, நெடுநேரம் பார்த்தபின்னும் ஒன்றும் உணராத மாணவன் யாது செய்ய வேண்டும் என்ற வினா எஞ்சுகின்றது. உணரவில்லை என்று எழுத அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமை பார்த்தவனுக்கே உரியது. எதைக் கண்டான், எவ்விடத்து அவனது கவனம் நின்றது, எவ்விடத்து அது விலகியது என்பவற்றைக் கூறிய பின்னர் அவன் எழுதும் ‘எனக்கு விளங்கவில்லை’ என்ற கூற்று, இரவல் தொடர்களால் நிரம்பிய இரண்டு பக்கங்களினும் மதிப்புடையது. அதனைப் படிக்கும் ஆசிரியருக்கும் ஒரு கடமை உண்டு. அறியாமையை நேர்மையாக ஒப்புக்கொண்ட விடைக்குக் குறைந்த புள்ளியும், புரியாமலே புகழ்ந்த விடைக்குக் கூடிய புள்ளியும் வழங்கப்படுமாயின், பல்கலைக்கழகம் மாணவனுக்குக் கற்பிப்பது கலையாகாது. காணாததைக் கண்டதாகக் கூறும் பழக்கமே ஆகும். அப்பழக்கம் சிற்பக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. மனிதரைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் அவன் பின்னாளில் வழங்கும் தீர்ப்புகளிலும் அது தொடரும்.