அவர்கள் அப்படித்தான்

குன்னூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் டீ மேக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது அவர் வீட்டு வராந்தாவில் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு வராவிட்டால் எனக்கு எழுத்து ஓடாது. கீழே பள்ளத்தாக்கில் பனி விலகுவதைப் பார்த்துக்கொண்டு அவர் கையால் போட்ட டீயைக் குடிப்பதில் ஒரு சுகம். டீயைப் பற்றி மட்டும் அவரிடம் அபிப்பிராயம் சொல்லக் கூடாது; மற்ற எதைப் பற்றியும் பேசலாம்.

2021 மார்ச் மாதத்தில் அப்படி ஒரு காலை நேரம். பத்திரிகையைப் புரட்டினேன். உள்பக்கத்தில் ஒரு மரணச் செய்தி. நீண்ட தூர ஓட்டப் பயிற்சியாளர் நிகோலாய் ஸ்நெசரெவ், பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் தம் அறையில் இறந்து கிடந்தார். வயது 72. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நம் ஓட்டக்காரர்களைத் தயார் செய்வதற்காகச் சில நாட்களுக்கு முன்புதான் இந்தியாவுக்குத் திரும்பி வந்திருந்தாராம்.

செய்தியை உரக்கப் படித்தேன். நண்பர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அடடா, அந்த ரஷ்யாக்காரரா! இங்கே ஊட்டியில்தானே நம் பெண்களை ஓட வைத்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர், பாவம். ஆனால் ரஷ்யாக்காரர்கள் இல்லையா? மனசில் பட்டதை முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார்கள். அவர்கள் அப்படித்தான்."

நானும் 'ஆமாம்' என்று தலையை ஆட்டினேன். பிறகுதான் மிச்சச் செய்தியைப் படித்தேன். மனிதர் ரஷ்யரே அல்ல, பெலாரஸ் நாட்டுக்காரர். 1991-லிருந்து அது தனி தேசம். அவர் ரஷ்யர் இல்லை என்றால், ரஷ்யர்களுடைய சுபாவம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட விஷயம் அவரிடம் எங்கிருந்து வந்தது? நாங்கள் பார்த்துச் சொன்னதா, அல்லது சொல்லிவிட்டுப் பார்த்ததா?

அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். மெலிந்த காற்றில் மாதக்கணக்காக ஓடிப் பழகினால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும். சமவெளிக்கு இறங்கி ஓடும்போது மூச்சு முன்போல் திணறாது. அதற்காகத்தான் அங்கே முகாம் போடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் நேரத்தில் அந்தப் பெண்கள் ஓடி முடித்திருப்பார்கள். லலிதா பாபர், சுதா சிங், ஜெய்ஷா ஆகியோர் ஸ்நெசரெவின் கீழ் அப்படிப் பழகியவர்கள். அவர் பயிற்சியில் 2010-ம் ஆண்டு குவாங்சௌ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் பிரீஜா ஸ்ரீதரனுக்குத் தங்கமும் கவிதா ராவத்துக்கு வெள்ளியும் கிடைத்தன. 2016-ல் ரியோவில் லலிதா பாபர் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் இறுதிப் போட்டியில் ஓடிப் பத்தாவதாக வந்தார். 1984-ல் பி.டி. உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் ஓட்டப் பாதையில் தனிநபர் போட்டி ஒன்றில் ஓர் இந்தியப் பெண் இறுதிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

இதே ரியோவில் இன்னொன்றும் நடந்தது. மாரத்தான் ஓடிய ஜெய்ஷா முடிவுக் கோட்டில் மயங்கி விழுந்தார். வழியில் இந்திய முகாம்களில் தமக்குத் தண்ணீர் தர ஆளில்லை என்றார். தனிப் பானங்கள் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றது தடகள சம்மேளனம். மாரத்தானில் தமக்கு விருப்பமே இல்லை, பயிற்சியாளர்தான் ஓட வைத்தார் என்று ஜெய்ஷா சொன்னதும் பத்திரிகைகளில் வந்தது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஒன்று மட்டும் சொல்வேன். இது விசாரிக்க வேண்டிய ஒரு விஷயம். ஒரு பெண் 42 கிலோ மீட்டர் ஓடியிருக்கிறாள், விழுந்திருக்கிறாள், ஏதோ சொல்கிறாள். 'ரஷ்யாக்காரர்கள் அப்படித்தான்' என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் அந்த விசாரணை முடிந்துவிடுகிறது. அவரையும் தெரிந்துகொள்ள வேண்டாம். அவள் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

இந்த ரஷ்யப் பயிற்சியாளர் என்ற சித்திரம் உலகத்தார் மனத்தில் எங்கே தீட்டப்பட்டது என்று யோசித்தால், நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விளையாட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. பனித்தரையில் ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து சறுக்கி ஆடும் ஆட்டம் அது. அவன் அவளைத் தலைக்கு மேல் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு சுழல்வான், வீசி எறிவான், அவள் கத்தி போன்ற ஒரு விளிம்பில் வந்து இறங்குவாள். 1964 முதல் 2006 வரை தொடர்ந்து பன்னிரண்டு ஒலிம்பிக்குகளில் இந்த ஜோடி ஆட்டத்தின் தங்கம் சோவியத் யூனியனையோ அதன் வழிவந்தவர்களையோ விட்டுப் போகவில்லை. 2002-ல் மட்டும் நடுவர் ஊழல் வெடித்துக் கனடா ஜோடியோடு பங்கு போட்டுக்கொள்ள நேர்ந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே இடத்துக்குப் பரிசு போனால், தோற்றவர்கள் காரணம் தேடாமல் இருப்பார்களா? 'அந்தப் பயிற்சியாளர்கள் இரக்கமில்லாதவர்கள்' என்ற காரணம் சுலபமாகக் கிடைத்தது.

அந்த ஆட்டத்தில் தவறைத் தவறென்று உடனே சொல்லியாக வேண்டும் என்பதும் உண்மை. 1996-ல் எலெனா பெரெஷ்னயா என்ற பெண் பயிற்சியில் இருந்தபோது உடன் ஆடியவனின் காலணிக் கத்தி அவள் மண்டையைத் துளைத்துவிட்டது. பேச்சே போயிற்று. மறுபடி நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டாள். வேறு துணையோடு, தமாரா மாஸ்க்வினா என்ற பயிற்சியாளரிடம் பழகி, 1998-ல் வெள்ளியும் 2002-ல் தங்கமும் வாங்கினாள். மாஸ்க்வினாவின் மாணவர்கள் 1984, 1992, 1998, 2002 ஆகிய நான்கு ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றிருக்கிறார்கள். அவரிடம் பழகிய யூகோ கவாகுச்சி என்ற ஜப்பானியப் பெண் தன் குடியுரிமையையே மாற்றிக்கொண்டாள். வெறும் அதட்டலைத் தேடி யாராவது தேசத்தை விட்டு வருவார்களா?

குன்னூர்க் காலைக்கு மறு வருஷம், 2022 பிப்ரவரியில், பீஜிங் ஒலிம்பிக்கில் உலகமே ஒரு காட்சியைப் பார்த்தது. பதினைந்து வயதுப் பெண் கமிலா வலியேவா, ஊக்கமருந்துச் சர்ச்சையின் பாரத்தோடு தனி ஆட்டத்தில் இறங்கி, விழுந்து விழுந்து எழுந்து நாலாவதாக வந்தாள். அழுதுகொண்டே வெளியே வந்தவளிடம் அவள் பயிற்சியாளர் எதெரி துத்பெரிட்சே, ஏன் போராடுவதை விட்டாய் என்று கேட்டது காமிராவில் பதிவாயிற்று. அந்த வரவேற்பின் குளிர்ச்சி தம்மைக் கலங்க வைத்தது என்றார் ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தாமஸ் பாக். உயர்ந்த போட்டிகளில் பயிற்சியாளரின் கடுமைதான் வெற்றிக்கு வழி என்று மாஸ்கோவிலிருந்து பதில் சொன்னார் அரசாங்கப் பேச்சாளர் பெஸ்கோவ். வெளியில் இருந்தவர்கள் 'ரஷ்யர்கள் அப்படித்தான்' என்று பழித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். நடுவே நின்று அழுத குழந்தை இரண்டு தேச அபிமானங்களுக்கு நடுவில் காணாமல் போய்விட்டாள்.

இதில் பாஷை செய்யும் விஷமம் ஒன்று உண்டு. ரஷ்ய மொழியிலும் நம்முடையதைப் போலவே 'நீ' என்பதும் 'நீங்கள்' என்பதும் தனித்தனி. மரியாதையும் வாத்சல்யமும் அந்தச் சொற்களிலேயே அடங்கிவிடுவதால் 'தயவு செய்து' என்று ஓயாமல் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதே மனிதர் அரைகுறை இங்கிலீஷில் பேசும்போது மரியாதை உதிர்ந்துபோய்க் கட்டளை மட்டும் நிற்கிறது. நம் வீட்டுத் தாத்தா பேரனை 'ஏண்டா கழுதை, சாப்பிட்டாயா?' என்று கேட்பதை ஒரு வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிப் பாருங்கள். தமிழர்கள் குழந்தைகளை மிருகமாக நடத்துகிறார்கள் என்று அவர் ஊருக்குக் கடிதம் எழுதுவார்.

ஆனால் கடுமையெல்லாம் மொழிபெயர்ப்புக் கோளாறு என்று தப்பித்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. காரணம், என் தங்கை.

அவளுக்குப் பதினோரு வயதில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு வித்வான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். மகா ஞானஸ்தர். ஒரு நவராத்திரி நாளில், கொலுவுக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், "உனக்குச் சங்கீதம் இந்த ஜன்மத்தில் வராது. அப்பா பணத்தை ஏன் பாழாக்குகிறாய்?" என்று சொல்லிவிட்டார். தங்கை எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அம்மா சமாதானம் சொன்னாள்: "வித்வான்கள் அப்படித்தான். மனசில் ஒன்றும் இருக்காது." அப்பாவும் அதையே சொன்னார். நானும் சொன்னேன்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் எதற்காகவோ அந்தப் பேச்சு வந்தது. தங்கை கோபப்படவில்லை. "அண்ணா, அவர் சொன்னது நிஜமா பொய்யா என்று உங்களில் ஒருத்தராவது யோசித்தீர்களா? நிஜமாக இருந்தால் நான் வேறு எதையாவது கற்றுக்கொண்டிருப்பேன். பொய்யாக இருந்தால் வேறு வாத்தியார் வைத்திருக்கலாம். நீங்கள் எல்லோரும் அவரைப் பற்றியே பேசினீர்கள். என்னைப் பற்றிப் பேசவே இல்லை" என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை.

பிறருடைய கடுமையைக் 'குரூரம்' என்கிறோம். நம்முடையதைக் 'கண்டிப்பு' என்கிறோம். இரண்டு இடத்திலும் 'அப்படித்தான்' என்று ஒரு முத்திரை குத்திவிட்டால், சொல்லப்பட்ட வார்த்தையை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. வள்ளுவர் இனிய சொல்லுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். இடித்துச் சொல்லும் பெரியவர்கள் துணையாக வேண்டும் என்பதற்கும் ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எந்த தேசத்தார் எதைச் சொல்வார்கள் என்று மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை.

முத்திரை குத்துவதால் எவ்வளவு தூரம் அநியாயம் நடக்கும் என்பதற்கு நீலகிரியிலேயே சாட்சி உண்டு. 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரெடரிக் ராபர்ட்ஸ். ஊட்டியை நன்றாக அறிந்தவர். இந்த விஷயத்தில் மனத்தில் பட்டதை ஒளிக்காதவர். தெற்கத்திச் சிப்பாய் போருக்கு லாயக்கற்றவன், நீண்ட சமாதானம் அவனை மழுங்கடித்துவிட்டது என்பது அவர் தீர்மானம். 1897-ல் வந்த தம் சுயசரிதையிலும் அதை எழுதினார். பிற்பாடு இந்திய ராணுவம் முழுவதற்கும் அவரே தளபதி. சென்னைக் காலாட்படைகள் குறைக்கப்பட்டன, கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது அதே தெற்கத்தியானை மறுபடி கூப்பிட்டார்கள். அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இன்று குன்னூரை ஒட்டிய வெல்லிங்டனில் இருக்கிறது. நண்பர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்தால் சில காலைகளில் அங்கிருந்து பியூகிள் ஒலி வரும். ஒளிவுமறைவின்றிப் பேசுவது வேறு, உண்மையைப் பேசுவது வேறு என்று அந்த ஒலி எனக்கு ஞாபகப்படுத்தும்.

ஆகவே வெளிப்படையான பேச்சைக் கேட்டால் நான் இப்போது இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். சொன்னவர் செய்கையைப் பற்றிச் சொன்னாரா, ஆளைப் பற்றிச் சொன்னாரா? கேட்டவர் திருப்பிப் பதில் சொல்ல அங்கே இடம் இருந்ததா? 'முழங்கால் மடங்குகிறது' என்பது செய்கையைப் பற்றியது, திருத்திக்கொள்ளலாம். 'இந்த ஜன்மத்தில் வராது' என்பது ஆளைப் பற்றியது. அதற்குப் பரிகாரம் இல்லை. பதில் பேச முடியாதவரிடம் பேசும் வெளிப்படையில் வீரமும் இல்லை. பேசியவர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்விக்கு இதில் வேலையே இல்லை.

அன்று குன்னூரில் இதையெல்லாம் இவ்வளவு கோவையாக நான் பேசவில்லை. "அவர் ரஷ்யர் இல்லையாம், ஐயா" என்று மட்டும் சொன்னேன். நண்பர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெகு நேரம் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் எஸ்டேட்டிலும் வேலை பார்த்தன" என்றார் கடைசியில். "ஆபீஸுக்கு வந்தால் குனிந்து நிற்கமாட்டார்கள். நேருக்கு நேர் பார்த்துப் பேசுவார்கள். 'சிலோன்காரர்கள் அப்படித்தான், வாய் ஜாஸ்தி' என்று நாங்கள் எல்லோரும் சொல்லுவோம். நானும் சொல்லியிருக்கிறேன்."

"என்ன பேசுவார்கள்?" என்று கேட்டேன்.

"கூலி பாக்கி" என்றார். "கேட்டதெல்லாம் கூலி பாக்கியைத்தான்."

டீ ஆறிப்போயிருந்தது. அவர் வாழ்நாளில் ஒரு கோப்பை டீயை ஆறவிட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.