வேட்டைத் தோட்டாவும் இஹ்ஸானும்

ஓர் உயிரை எடுக்க மனிதனுக்குச் சொந்த உரிமை எதுவும் இல்லை. உயிரைக் கொடுத்தவன் அல்லாஹ். அவன் அனுமதித்த அளவில், அவன் பெயர் கூறி, அவன் விதித்த முறையில் மட்டுமே பிராணிகளை நாம் உணவாக்கிக் கொள்கிறோம். வேட்டையும் இந்த வரம்புக்கு உட்பட்டதே. திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் வேட்டையை ஆகுமாக்குகிறது (5:4). இஹ்ராமில் இருப்பவருக்குத் தரை வேட்டையை அதே அத்தியாயம் தடுக்கிறது (5:95, 96).

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது. அதற்குக் கட்டுப்படுவது நம் கடமை. ஆனால் நார்வே, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் உரிமம் பெற்று மான், காட்டெருமை முதலிய பெரிய விலங்குகளை வேட்டையாடுகிறார்கள். அங்கு வாழும் முஸ்லிம்களிலும் வேட்டைக்குச் செல்வோர் உண்டு. எந்தத் தோட்டாவை வாங்குவது என்ற கேள்வி அவர்களுக்கு எழுகிறது. கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை மார்க்க ஏட்டில் ஏன் பேச வேண்டும்? நிய்யத் நல்லது, பிஸ்மியும் சொல்லியாகிவிட்டது, பிறகு தோட்டா எதுவானால் என்ன என்று சிலர் எண்ணலாம்.

கருவிக்கும் கணக்கு உண்டு

இந்த எண்ணத்திற்கு விடை ஹதீஸிலேயே இருக்கிறது. வேட்டையில் தேர்ந்த நபித்தோழர் அதீ பின் ஹாதிம் (ரலி) அவர்கள், 'மிஃராள்' என்னும் இறகில்லா அம்பைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். அதன் முனை தைத்துக் கிழித்தால் உண்ணலாம். அகலப்பக்கம் மோதிப் பிராணி இறந்தால் அது அடிபட்டுச் செத்தது, உண்ணலாகாது என்ற கருத்தில் பெருமானார் விடையளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது.

சற்றுச் சிந்திப்போம். வேட்டைக்காரர் ஒருவரே, நிய்யத் ஒன்றே, பிஸ்மியும் ஒன்றே. அம்பு பட்ட விதம் மட்டுமே வேறு. ஒன்று ஹலால், மற்றது ஹராம்! அப்படியானால் நல்லெண்ணம் கருவியின் குறையை ஈடுசெய்வதில்லை என்பது தெளிவு.

எல்லாவற்றிலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்திருக்கிறான், உயிரை எடுக்கும்போதும் அதை அழகிய முறையில் செய்யுங்கள், கத்தியைத் தீட்டுங்கள், பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்று ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) வழியாக வரும் ஹதீஸ் நமக்குப் போதிக்கிறது. அறுப்பவருக்குக் கத்தி எதுவோ, சுடுபவருக்குத் தோட்டா அதுவே. கத்தியைத் தீட்டுவது அறுப்பதற்கு முன்பே நடப்பது போல, தோட்டாவைத் தேர்வதும் காட்டுக்குப் புறப்படுமுன்பே நடக்க வேண்டும்.

தோட்டாவின் தன்மை

ஈயக் குண்டின் முனையையும் சேர்த்துச் செம்புத் தகட்டால் முழுதும் மூடியிருந்தால், அது மானின் உடலில் சிறு துளையிட்டு மறுபுறம் போய்விடக் கூடும். மான் ஓடிவிடும். எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் துடித்துச் சாகும். முனை மென்மையான குண்டோ, பட்டதும் காளான் போல் விரிந்து இதயத்தையும் நுரையீரலையும் கிழிக்கும். இரத்தம் வடிந்து பிராணி விரைவில் உணர்விழக்கும். ஆனால் அதே மென்முனைக் குண்டு ஆப்பிரிக்கக் காட்டெருமையின் தோள் எலும்பில் பட்டுச் சிதறி, உள்ளே எட்டாமலே போகலாம். அதனால்தான் அத்தகைய விலங்குகளுக்கு 1912இல் வெளிவந்த '.375 மேக்னம்' போன்ற ரகங்களில் 300 கிரெய்ன், அதாவது 19 கிராம் அளவுள்ள, எளிதில் சிதையாத கனத்த குண்டுகளைப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ஒரு விந்தை. கல்கத்தா அருகே டம்டம் ஆயுதசாலையில் உருவான விரியும் குண்டு, வீணான வேதனை தருகிறதென்று, அவ்வகைக் குண்டுகளைப் போரில் விலக்க 1899இல் ஹேக் நகரில் நாடுகள் பல உடன்பட்டன. இன்று வேட்டையில் வேதனையைக் குறைக்க அதே விரியும் தன்மையைத்தான் தேடுகிறார்கள்! போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும். அதற்கு மேற்பட்ட காயம் கொடுமை. வேட்டையிலோ உயிர் போவதே முடிவு. அது தாமதமாவதுதான் கொடுமை. பொருளை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூற முடியாது. அது எந்த நோக்கத்திற்குப் பொருந்துகிறது என்றும் பார்க்க வேண்டும்.

குறி தவறினால்?

பெரிய தோட்டா இருந்தால் போதுமா? போதாது. கனத்த ரைபிளின் உதைப்புக்கு அஞ்சித் தோள் சுருங்கினால் குறி பிசகும். வயிற்றில் பட்ட பெரிய குண்டை விட நெஞ்சில் பட்ட அளவான குண்டே கருணையானது. மேலும், ஒரே ரைபிளில் வெவ்வேறு தோட்டாக்கள் வெவ்வேறு இடத்தில் போய்ப் படும். ஆகவே வேட்டைக்கு எடுத்துச் செல்லும் அதே தோட்டாவை முன்கூட்டியே காகித இலக்கில் சுட்டுப் பார்ப்பது அவசியம். நார்வேயில் பெரு விலங்கு வேட்டைக்குச் செல்பவர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். 100 மீட்டர் தொலைவில் 5 குண்டுகளும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். ஓர் அரசு தன் சட்டத்தால் கேட்பதை, இஹ்ஸானை விதியாகக் கொண்ட சமுதாயம் தானாகவே செய்ய வேண்டாமா?

தொலைவு அதிகம், இருள் கவிகிறது, குறி உறுதியில்லை என்றால் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவதே இஹ்ஸான். கல் சுண்டி எறிவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் தாக்காது. பல்லை உடைக்கும், கண்ணைக் கெடுக்கும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். பயன் தராமல் ஊனப்படுத்தும் எந்த எறிபொருளுக்கும் இதில் எச்சரிக்கை உண்டு.

உலமாக்களின் கருத்து

துப்பாக்கியால் இறந்த பிராணியை உண்பதில் கருத்து வேற்றுமை உண்டு. குண்டு கூர்மையால் அல்ல, வேகத்தின் அடியால் கொல்கிறது என்று ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன் போன்றோர் விலக்கினார்கள். அது உடலைத் துளைத்துச் செல்கிறது என்று யமன் நாட்டு இமாம் ஷவ்கானி போன்றோர் ஆகுமாக்கினார்கள். அவரவர் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை. ஆனால் விழுந்த பிராணியில் நிலையான உயிர் இருக்கக் கண்டால், தாமதமின்றி முறைப்படி அறுத்தாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனவே கூரிய கத்தியும் உடன் செல்லட்டும். காயம்பட்டதைத் தேடாமல் திரும்பவும் வேண்டாம்.

உணவு ஹலாலாக இருப்பதோடு 'தய்யிப்' ஆகவும் இருக்க வேண்டும். ஈயக் குண்டு சிதறினால் அதன் துகள் இறைச்சியில் கலக்கும்; ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு. கழிவைத் தின்ற காண்டர் கழுகுகள் நஞ்சேறி இறந்ததைக் கண்ட கலிஃபோர்னியா மாநிலம், 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடை செய்தது. செம்புக் குண்டுகள் இன்று கிடைக்கின்றன.

வேட்டைக்கே போகாத நமக்கும் இதில் பாடம் உண்டு. குர்பானிக் கத்தியை முந்தைய நாளே தீட்டி வைக்கிறோமா? கைப்பழக்கமில்லாதவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, பிஸ்மி சொன்னால் போதும் என்று இருந்துவிடுகிறோமா? வாயில்லா ஜீவனின் வேதனைக்கும் நாளை மறுமையில் கேள்வி உண்டு.

நம் எண்ணத்தோடு நம் கருவியையும் சீராக்கிக்கொள்ள வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.