சாட்சி சொல்ல வந்த வன்னி மரம்

கல்யாணத்துக்குப் போகிறோம். அட்சதை தூவுகிறோம். மொய் எழுதி, விருந்து சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வீடு திரும்புகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்ததா? அந்த மணமேடையில் அக்கினி பகவான் சாட்சி என்றால், அட்சதை போட்ட நாமும் சாட்சிதானே!

சாட்சி என்றதும் நினைவுக்கு வருபவர், கும்பகோணத்துக்கு அருகில் திருப்புறம்பியத்தில் அருளும் சாட்சிநாதர். திருவிளையாடற் புராணத்தின் 64-வது படலம் சொல்லும் கதை இது.

பெற்றோரை இழந்த வணிகர் குலப் பெண் ஒருத்தி, தன்னை மணக்கவிருந்த முறைமாப்பிள்ளையுடன் மதுரைக்குப் புறப்பட்டாள். வழியில் திருப்புறம்பியத்தில் தங்கியபோது, பாம்பு தீண்டி அவன் இறந்தான். அவளது அழுகுரல் கேட்டு வந்த திருஞானசம்பந்தர், அவனை உயிர்ப்பித்து, அங்கேயே மணம் முடிக்கச் செய்தார். உற்றார் யாரும் இல்லை. வன்னி மரமும் கிணறும் சிவலிங்கமுமே சாட்சி.

மதுரையில் அவனுடைய மூத்த மனைவி ஒருநாள், ‘உன் கல்யாணத்துக்கு யார் சாட்சி?’ என்று ஏளனமாகக் கேட்டாள். இளையவள் அந்த மூன்றையும் சொல்ல, ‘அவை இங்கே வந்து சொல்லுமா?’ என்று சிரித்தாள். கலங்கிய இளையவள் சொக்கநாதரிடம் முறையிட்டாள். மூன்றும் வந்தன! மீனாட்சியம்மன் கோயிலில், சுவாமி சந்நிதிப் பிராகாரத்தில் இன்றும் அவற்றைத் தரிசிக்கலாம்.

யோசித்துப் பாருங்கள்... வேரூன்றிய மரமும், நகரவே முடியாத கிணறும் ஒரு பெண்ணுக்காக ஊர் தாண்டி வந்திருக்கின்றன. கால் உள்ள நாம் என்ன செய்கிறோம்?

ஒரு சமயம், எங்கள் எதிர்வீட்டில் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணோம். வேலை செய்யும் அக்கா மீது பழி விழுந்தது. அன்று காலை அந்த வீட்டுக் குழந்தை, மாடிப்படியில் அதை வைத்து விளையாடியதை நான் பார்த்திருந்தேன். ஆனாலும், ‘நமக்கெதற்கு வம்பு’ என்று கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்றாம் நாள், பூந்தொட்டிக்குப் பின்னால் சிமிழ் கிடைத்தது. ஆனால், அந்த அக்கா அதற்குள் வேறு ஊருக்கே போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க இன்றுவரை எனக்கு வழியில்லை.

வம்பு வேறு, சாட்சி வேறு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஒருவர் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசுவது வம்பு. அவர் தவித்து நிற்கும்போது, பக்கத்தில் போய் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதே சாட்சி!

அடுத்த முறை மதுரைக்குச் சென்றால், அந்த வன்னியின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ‘தேவைப்படும் நேரத்தில் நானும் எழுந்து வர வேண்டும்’ என்று வேண்டிக்கொள்ளுங்கள். நானும் அதையேதான் வேண்டி வருகிறேன்.