காட்சிக்கு யார் கூலி தருவது?

1890-இல் புனேயில் ஒரு கோப்பைத் தேநீர் பெரிய தர்ம விசாரணையாக வளர்ந்தது. பஞ்ச் ஹவுத் கிறிஸ்தவ மிஷனுக்கு அழைக்கப்பட்டுப் போன திலகர், ரானடே முதலிய பிரமுகர்களுக்கு அங்கே தேநீர் வைக்கப்பட்டது. சிலர் குடித்தார்கள், சிலர் கையில் வாங்கிக் கீழே வைத்துவிட்டார்கள். போனவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வெளியானதும் ஊர் இரண்டுபட்டது. விவகாரம் சங்கராச்சாரியார் வரை சென்று, கடைசியில் திலகரும் ரானடேயும் பிராயச்சித்தம் செய்துகொண்டார்கள். கோப்பையை நீட்டிய கை யாருடையது என்பதே அன்றைய வழக்கு. கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள் அதே காலத்தில் இலங்கை மலைகளில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கை எவருடைய ஆசாரத்தையும் உறுத்தவில்லை.

இன்றைய புனேயில் தெருவுக்குத் தெரு அம்ருத்துல்ய டீக்கடை உண்டு. தேயிலைத் தோட்டம் கிடையாது. தோட்டம் என்பது விடுமுறைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய இடம். எர்ணாகுளம் வரை ரயில், அங்கிருந்து வண்டி பிடித்து மூணாறு. இப்படிப் போவது சரியா என்ற கேள்விக்கு எளிய பதில்கள் இரண்டு உண்டு. சுற்றுலாவால் ஊருக்குப் பணம் வருகிறது, இதில் என்ன தப்பு என்பது ஒன்று. அடுத்தவர் பாடுபடுவதை வேடிக்கை பார்ப்பது அசிங்கம், போகவே கூடாது என்பது மற்றது. இரண்டுமே யோசிக்கும் சிரமத்தை மிச்சப்படுத்துகின்றன.

முதலில், பார்க்கப் போவது எதை? தேயிலையைத் தன் போக்கில் விட்டால் அது மரமாகிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, நாள் தவறாமல் சுற்றுமுறையில் கொழுந்தெடுத்து, இடுப்பளவில் நிறுத்தி வைப்பதால்தான் மலை அப்படிச் சீராகத் தெரிகிறது. கேமராவில் விழும் அந்தப் பச்சை விரிப்பை இயற்கை அழகு என்று சொல்வது பாதிப் பொய். அது தினக்கூலிக்குச் செய்த வேலை. கொழுந்துக்குச் சம்பளம் உண்டு, காட்சிக்குக் கிடையாது. அந்தக் காட்சியை விடுதி அறை வாடகையில் சேர்த்து விற்கிறது, ஜீப்காரர் விற்கிறார், சாக்லேட் கடை விற்கிறது. ஜீப் ஓட்டுகிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் செடிகளுக்கு நடுவே நிற்கும் பெண்ணுக்கு அதில் பங்கு இல்லை.

அவரை நிறுத்திப் படம் எடுப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நிர்ணயித்த அளவுக்கு மேல் எடுக்கும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் கூடுதல் காசு. நின்று சிரித்துக்கொடுக்கும் ஐந்து நிமிடமும் எடைத் தராசில் குறையும். அனுமதி கேட்டால் மட்டும் அந்தக் கணக்கு நேராகாது. டார்ஜிலிங்கில் கொழுந்து பறிப்பவர் உடையையும் கூடையையும் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். விளையாட்டுதான். ஆனாலும் அட்டைக்கடியும் முதுகுவலியும் இல்லாத அந்த வேடத்தில் ஏதோ கூசுகிறது.

மூணாற்றின் கதை இன்னும் சிக்கலானது. 2005-இல் டாட்டா டீ அங்குள்ள தோட்டங்களை நடத்துவதிலிருந்து விலகிக்கொண்டபோது, தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்து உருவானது கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம். பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில், போனஸைக் குறைத்ததற்காக அந்தத் தோட்டப் பெண்களே சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் கிட்டே வரவிடவில்லை. பெண்பிள்ளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒன்பதாம் நாளில் இருபது சதவீதத்தைப் பெற்றுக்கொண்டுதான் எழுந்தார்கள். அந்த வாரம் மூணாறு போக நினைத்தவர்களுக்குப் பயணம் கெட்டது. அறத்தின் கணக்கில் அது நஷ்டமாகுமா என்ன?

ஐந்தாண்டு கழிந்தது. வரையாடு பார்க்கச் சீட்டு வாங்கிப் போகும் அதே ராஜமலைப் பக்கம் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மழையில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களை மூடியது; 70 உயிர்கள் போயின. பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம். மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து. அதில் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்த மாநில அரசு, பெட்டிமுடிக்கு அறிவித்தது ஐந்து லட்சம். விமானத்தில் போகிறவர் உயிருக்கு ஒரு விலை, லயத்தில் தூங்குகிறவர் உயிருக்கு ஒரு விலையா என்று அப்போதே கேட்டார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு போகிறவர் ஒரு வகை, தெரியாமல் போகிறவர் இன்னொரு வகை. போகாமலே இருப்பவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர் வீட்டிலும் டீ கொதிக்கிறது. புனேயில் குடித்தாலும் மூணாற்றில் குடித்தாலும் கடன் ஒன்றுதான். நேரில் போகிறவருக்கு அது கண்ணில் படுகிறது, அவ்வளவே. பத்து ரூபாயைக் கையில் திணித்துவிட்டு வருவதால் அது அடையாது. கொடுத்தவருக்கு மனம் லேசாகும், கூலி ஏறாது.

கூலியைவிடவும் கூர்மையான விஷயம் வீடு. லயம் வேலையோடு வருவது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும், பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலைக்கு வந்தாலொழிய. மூன்று தலைமுறை கவாத்து வெட்டிய குடும்பத்துக்கு அந்த மலையில் ஒரு சென்ட் நிலம் இல்லாமல் போகலாம். வார இறுதிக்கு வருகிறவருக்கு அங்கே பால்கனி உண்டு. வெந்நீருக்கும் சன்னல் காட்சிக்கும் நட்சத்திரம் போட்டு எழுதும் விருந்தினர், சன்னலுக்கு வெளியே வேலை செய்கிறவர்கள் வயதான பின் எங்கே குடியிருப்பார்கள் என்பதையும் விடுதிக்காரரிடமும் தோட்டத்துக்காரரிடமும் கேட்டு, கிடைத்த பதிலை அதே இடத்தில் எழுதி வைக்கலாம்.